கேட்டவர் கொடுக்கும் விலை

ஞாயிற்றுக்கிழமை என்றால் மூணாறு கடைத்தெருவில் நடக்க இடமிருக்காது. எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்புகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு வேண்டிய அரிசி, கருவாடு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் அன்றைக்குத்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். கொழுந்து எடுப்பவர்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. இளையவர் மடியில் பைபிள். ஜெபக்கூட்டத்துக்கு வரச் சொல்லி மூத்தவரை அழைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை வந்து உக்காந்து பாருங்கக்கா. புடிக்கலேன்னா எந்திரிச்சு வந்துருங்க."

"வர்றதுக்கென்ன, வரலாம். அப்புறம் எம் பேரு உங்க புஸ்தகத்துல ஏறும். எம் மகளுக்கு ஜாதி சர்ட்டிபிகேட் யாரு குடுப்பா? உங்க பாஸ்டரா?"

சொல்லிவிட்டு மூத்தவர் சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை. டீ குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு ஒரே ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

மதமாற்றம் பற்றி இந்த நாட்டில் நடக்கும் வாதங்களில் எப்போதும் இரண்டு குரல்கள்தான் கேட்கும். சொல்வது எங்கள் கடமை என்பார் ஒருவர். சொல்வதே சூழ்ச்சி என்பார் இன்னொருவர். சொல்லப்படுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவர் என்று ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த அக்கா கேட்டது அந்த மூன்றாவது ஆளின் கேள்வி.

முதலில் கடமையைப் பார்க்கலாம். ஒரு கிறிஸ்தவருக்குத் தன் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வது பொழுதுபோக்கல்ல. மத்தேயு எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், எல்லா இனத்தாரிடமும் போகும்படி இயேசு சீடர்களுக்கு இட்ட கட்டளையிலிருந்து வருவது அது. அதை விட்டுவிட்டு நல்ல கிறிஸ்தவராக இருங்கள் என்று சொல்வது, தொழுகையை விட்டுவிட்டு நல்ல முஸ்லிமாக இருங்கள் என்பது போல. நமக்கு உடன்பாடு இருக்கிறதோ இல்லையோ, அவர் தரப்பின் நியாயம் அது.

நம் அரசியல் நிர்ணய சபைக்கு இது தெரிந்திருந்தது. 1948 டிசம்பர் 6 அன்று, மதத்தைப் பின்பற்றும் உரிமையோடு பரப்பும் உரிமையும் வேண்டுமா என்று சபையில் காரசாரமான விவாதம். ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா கடுமையாக எதிர்த்தார். ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு வருஷம் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தவன் நான், என்னை யாரும் மதம் மாற்ற முயன்றதில்லை என்றார். தீண்டப்படாதவர் ஒருவர் கிறிஸ்தவராவது அதில் கிடைக்கும் சம மதிப்புக்காக இருக்கலாம், அந்தத் தேவையை நீக்கவேண்டியது நம் பொறுப்பு என்ற பொருளிலும் பேசினார். 25-ஆவது பிரிவில் பரப்பும் உரிமை இடம் பெற்றது.

பிறகு 1977-ல், ஸ்டானிஸ்லாஸ் பாதிரியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. உங்கள் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை என்று ஒன்று கிடையாது என்றது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002-ல் வந்தது. 2004-ல் அதைக் கொண்டுவந்த ஜெயலலிதா அரசே விலக்கிக்கொண்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளம் அப்படி ஒரு சட்டம் இயற்றியதில்லை. ஆக, மூணாறு டீக்கடையில் அந்த இளைய பெண் செய்ததில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இங்கே ஒரு சங்கடம். 'பரப்புதல்' என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். தமிழில் நோயும் பரவும், வதந்தியும் பரவும். கத்தோலிக்கர் நற்செய்தி என்கிறார்கள். சீர்திருத்த சபையார் சுவிசேஷம் என்கிறார்கள். ஆனால் எஸ்டேட் ஜெபக்கூட்டங்களில் புழங்கும் சொல் 'சாட்சி'. எழுந்து நின்று தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வது சாட்சி சொல்வது. மூல மொழியான கிரேக்கத்தில், சாட்சியைக் குறித்த சொல்லே பிற்பாடு நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவரையும் குறிக்கலாயிற்று. அதாவது சாட்சி சொல்கிறவர்தான் விலை கொடுக்கிறவர். ஆதி சபையின் ஏற்பாடு அது.

நம் மலைகளில் அது தலைகீழாகியிருக்கிறது. இங்கே விலை கொடுப்பவர் கேட்டவர்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. பழங்குடியினருக்கான ஆணையிலோ இப்படி ஒரு மத நிபந்தனையே கிடையாது.

இந்த வித்தியாசத்தை இடுக்கி மலைகளில் கண்ணால் பார்க்கலாம். மேற்குச் சரிவில், முண்டக்கயம், மேலுகாவு பக்கம் மலையரையர்கள் இருக்கிறார்கள். 1840-களின் இறுதியில் அவர்களுடைய தலைவர்கள் மலையிறங்கி, சி.எம்.எஸ். மிஷனரியான இளைய ஹென்றி பேக்கரைப் பலமுறை தேடிப் போய், எங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வந்து சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அங்கே நற்செய்தியாளரைக் கேட்பவர் தேடிப் போனார் என்பது சுவையான விஷயம். அந்த மலையரையரின் பேரப்பிள்ளைகள் கிறிஸ்தவராக இருந்தும் பழங்குடியினராகவே நீடிக்கிறார்கள். மேலுகாவு தென்னிந்தியத் திருச்சபையின் கிழக்குக் கேரள மறைமாவட்டத்துக்கே தலைமையிடம்.

கிழக்கே, தேயிலைக் காட்டில் கதை வேறு. நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் கங்காணிகளோடு மலையேறிய ஜனங்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். சிலர் ஊரிலேயே வேதத்துக்கு வந்திருந்தவர்கள்; சிலர் மலையில் வந்தார்கள். ஸ்பெயின் நாட்டுக் கார்மல் சபைத் துறவி அல்போன்ஸ் 1898-ல் மூணாறில் கத்தோலிக்கக் கோயிலைத் தொடங்கினார். துரைமார்களின் கிறைஸ்ட் சர்ச்சுக்கு 1910-ல் அடிக்கல் நாட்டி 1911-ல் திறந்தார்கள். ஆனால் லயங்களுக்குள் விசுவாசத்தைக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், அந்த டீக்கடைப் பெண்ணைப் போல. அதைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்ற பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் பட்டியலிலிருந்து கழன்றன. கேரள அரசு வேலைகளில் மதம் மாறிய பட்டியல் சாதியினருக்கென ஒரு சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியின் உரிமைகளோடு அது எந்த வகையிலும் சமமாகாது. தனித் தொகுதி கிடையாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது.

தனித் தொகுதி என்றதும் தேவிகுளம் ஞாபகத்துக்கு வரும். மூணாறைச் சேர்த்துக்கொண்ட தொகுதி அது, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2021 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா, காங்கிரஸின் டி. குமாரை 7,848 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். மே 24 அன்று சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். எல்லைத் தமிழர்களுக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தார்கள்: அவருக்குக் கொடுக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பில் 'கடவுளின் பெயரால்' என்பதும் இல்லை, 'உளமார உறுதி கூறுகிறேன்' என்பதும் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லாவிட்டால் பிரமாணம் செல்லாது. ஜூன் 2 அன்று மறுபடி பிரமாணம் எடுத்தார். இடைப்பட்ட நாட்களில் சபையில் உட்கார்ந்ததற்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். மொழிபெயர்த்தவர் செய்த தவறுக்கு வாசித்தவர் பணம் கட்டினார். எங்கள் தொழிலில் இது சகஜம்தான் என்றாலும், சட்டசபை வரைக்கும் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

அடுத்து வந்தது வேடிக்கை அல்ல. ராஜா கிறிஸ்தவர், தனித் தொகுதியில் நிற்கத் தகுதியில்லாதவர் என்று குமார் வழக்குத் தொடுத்தார். குண்டளை தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலின் பதிவேடுகள் கோர்ட்டுக்கு வந்தன. அவற்றில் எழுத்துகள் திருத்தப்பட்டிருப்பது பெரிய விவாதமாயிற்று. கல்யாணப் போட்டோக்களை வைத்து, உடுத்தியிருந்தது எந்த மதத்து உடை என்று ஆராய்ந்தார்கள். குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து எந்த வருஷம் மலையேறியது, கேரளத்தில் பட்டியல் சாதியாகக் கருத முடியுமா என்றும் ஒரு கேள்வி. 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, ராஜா சட்டமன்ற உறுப்பினராக இருந்தது செல்லும் என்றது.

சட்டப்படி விஷயம் அத்தோடு முடிந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இங்கே வாதிட எனக்கு ஒன்றுமில்லை. லயங்களில் அந்த வழக்கு கற்றுக்கொடுத்த பாடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் வீட்டுக் கல்யாண ஆல்பமும் ஒருநாள் கோர்ட்டில் விரிக்கப்படலாம். பாட்டி எந்த வருஷம் மலைக்கு வந்தாள் என்பதும், தாத்தா பெயர் எந்தக் கோயில் புஸ்தகத்தில் இருக்கிறது என்பதும் பேரனின் தலையெழுத்தைத் தீர்மானிக்கலாம். ஜெபக்கூட்டத்தில் சாட்சி என்பது ஆறுதலான சொல். கோர்ட்டில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஒன்றில் பேர் கொடுத்தவர், இன்னொன்றில் மாட்டிக்கொள்வார். "எம் பேரு உங்க புஸ்தகத்துல ஏறும்" என்று அந்த அக்கா சொன்னதில் எவ்வளவு விவரம் இருந்தது பாருங்கள்.

இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? சர்க்காரை என்பார்கள் திருச்சபையார். பெருமளவுக்கு நியாயம்தான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் கொடுத்த அறிக்கையில் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். அடுத்த மாதமே மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை நிலவவில்லை, அதனால்தான் அவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை என்று வாதிட்டது.

இந்த வாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இது எங்கிருந்து எடுத்தது? பிரசங்க மேடையிலிருந்துதானே! எங்களிடம் சாதியில்லை, ஆண்டவர் முன்னால் எல்லோரும் ஒன்று என்பதுதான் நூற்றைம்பது வருஷமாக லயத்திலும் சேரியிலும் சொல்லப்பட்ட நற்செய்தியின் முக்கியப் பகுதி. அழைப்பதற்குச் சொன்ன வாக்கியமே, வந்தவருக்கு எதிரான பிரமாணப் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

1985-ல் தீர்ப்பான சூசை வழக்கு இதற்கு முன்னோடி. சென்னை காந்தி இர்வின் பாலத்தருகே நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். நடைபாதைச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே வேலை செய்த இந்துவுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே சாதிக் கொடுமை அதே கடுமையோடு புதிய மதத்திலும் தொடர்கிறது என்று காட்டவேண்டும், அதற்குப் போதுமான ஆதாரம் எங்கள் முன் இல்லை என்று மனுவைத் தள்ளியது. வெயிலில் உட்கார்ந்து தைக்கிறவர் ஆதாரத்துக்கு எங்கே போவார்?

ஆதாரம் திருச்சபைகளிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர்கள் ஆதாரம். கேரளத்தில், பொய்கையில் யோகன்னான் திருச்சபைகளுக்குள் சாதியைப் பார்த்துக் கசந்து வெளியேறி, 1909-ல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினாரே, அந்த வரலாறு ஆதாரம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை ஒப்புக்கொண்டது. அது பெரிய காரியம். ஆனால் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொள்வது வேறு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்வது வேறு. சலுகைக்கு மனுப் போடும்போது சாதி இருக்கிறது என்பதும், ஆள் சேர்க்கும்போது சாதி இல்லை என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தால், கேட்பவர் எதை நம்புவார்?

பாலக்காட்டுப் பக்கம் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. முதலமடைப் பஞ்சாயத்தில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டை ஒட்டி அம்பேத்கர் காலனி. தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள் வாழும் இடம். குடிதண்ணீர்க் குழாயிலும் டீக்கடையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று 2017-ல் அவர்கள் எழுப்பிய புகார் கேரளத்தையே தலைகுனிய வைத்தது. இதே மாவட்டத்தில், தமிழ் பேசும் லத்தீன் கத்தோலிக்கரை மனதில் வைத்து 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. முதல் ஆயர் பீட்டர் அபீர் அந்தோணிசாமி. சொந்த மொழியில் பூசை கேட்கவேண்டும் என்ற எல்லைத் தமிழரின் ஏக்கத்துக்கு ரோமாபுரி செவி சாய்த்தது. நல்லது. மொழி மதிக்கப்பட்டாயிற்று. அடுத்து, கோவிந்தாபுரத்துக் குழாயடியில் நிற்பவரிடம் ஒரு கிறிஸ்தவர் போய்த் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால், அவர் முதலில் கேட்கப்போவது பரலோகத்தைப் பற்றியா, உங்கள் கோயிலில் எங்களுக்கு எந்த இடம் என்பதையா?

இதனால் யாரும் தம் நம்பிக்கையைச் சொல்லக்கூடாது என்பதல்ல என் கட்சி. சொல்வதைத் தடுக்கும் சட்டங்கள் கேட்பவரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவருக்குச் சொந்த புத்தியில்லை என்றுதான் தீர்மானிக்கின்றன. அந்த அக்காவுக்குப் புத்தி இல்லையென்று யாராவது சொல்ல முடியுமா? தன் மகளின் படிப்பையும் பக்கத்து வீட்டுக்காரியின் பாசத்தையும் ஒரே நொடியில் எடை போட்டவர் அவர். அவருக்குத் தேவை பாதுகாவலர் இல்லை, முழு விவரம்.

1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு ஏடுகளை ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று, நற்செய்தி அறிவிப்பது திருச்சபையின் இயல்பு என்றது. மற்றது, மத விஷயத்தில் எவரையும் வற்புறுத்தக்கூடாது என்றது. 2011-ல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷக் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட நடத்தை நெறியும் இதே இரண்டு கால்களில்தான் நிற்கிறது. வறுமையைப் பயன்படுத்தாதே, ஆசை காட்டாதே என்கிறது. நம் எல்லைப் பகுதிக்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: இழப்பை மறைக்காதே.

பெண் பார்க்கப் போகும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கடனை மறைப்பது மோசடி என்கிறோம். ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துப் போகிறவர், இதற்குப் பின் உன் பிள்ளைகளுக்கு இன்னின்ன போகும், எங்கள் சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, அதை ஒழிக்க நாங்கள் இன்னது செய்துகொண்டிருக்கிறோம் என்று முதலிலேயே சொன்னால் என்ன? சிலர் வரமாட்டார்கள். தெரிந்தே வருகிறவர்கள் வருவார்கள். எண்ணிக்கை குறையும். சொன்னவர் கடமை குறையாது.

அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எஸ்டேட் தலைமுறைகளின் சான்றிதழ் வழக்குகளுக்கு வக்கீல் வைக்க வேண்டும். திருச்சபையின் கல்லூரி இடங்களிலும் வேலைகளிலும் இவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் கோயிலில் சாதி இருக்கிறது என்று உயர்சாதிக் கிறிஸ்தவர் ஒருவர் கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அதற்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் கெட்ட பெயர் வரும், நஷ்டம் வரும். அந்தச் சாட்சிக்குச் சொல்கிறவரே விலை கொடுத்திருப்பார்.

அதுவரை, "யாரு குடுப்பா? உங்க பாஸ்டரா?" என்ற கேள்வி அந்த டீக்கடை பெஞ்சிலேயே கிடக்கும். அழைத்த பெண்ணிடம் அதற்குப் பதில் இல்லை. அவரும் அதே லயத்தில் அதே சம்பளத்துக்குக் கொழுந்து எடுப்பவர், அதே சான்றிதழை எப்போதோ இழந்தவராகவும் இருக்கலாம். அதனால்தான் அவர் சிரிக்கவில்லையோ என்று ஜீப் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.